கடைக்கு எந்தச் செல்போன்? பத்தாயிரத்துக்குள் இரண்டை எடை போடுவோம்

சரக்குக் கொள்முதலில் நம்மை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. துவரம் பருப்பை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் சரக்கு என்று சொல்லிவிடுவோம். மிளகாய் வற்றலை ஒடித்துப் பார்த்து ஈரம் எவ்வளவு என்று கணித்துவிடுவோம். ஆனால் அதே நாம் செல்போன் கடைக்குப் போனால், எதிரே நிற்கும் பையன் எதை எடுத்து நீட்டுகிறானோ அதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்றுகூடப் படிப்பதில்லை. இந்தப் பாடத்தில் அந்தப் பெட்டியைச் சற்றுப் படித்துப் பார்ப்போம்.

முன்பெல்லாம் செல்போன் பழுதானால் பேச்சுதான் நின்றது. இன்று வரவே நின்றுவிடும். 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. முறை நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, பத்து ரூபாய்க் கொத்தமல்லிக் கட்டுக்கும் வாடிக்கையாளர் செல்போனை நீட்டுவார் என்று நம்மில் பலர் எண்ணியிருக்க மாட்டோம். இன்று கல்லாப்பெட்டியின் ஒரு பாதி மரத்தில் இருக்கிறது. மறு பாதி செல்போனில் இருக்கிறது. மரப்பெட்டிக்கு நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கிய நாம், மறு பாதியையும் அதே அக்கறையோடு வாங்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்குச் சிறு கடைக்காரர்கள் பலர் விசாரிக்கும் விலையில் இரண்டு செல்போன்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று ரெட்மி ஏ4 5ஜி. இது 2024 நவம்பரில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெளியீட்டு விலை 64 ஜி.பி. கொள்ளளவுக்கு 8,499 ரூபாய், 128 ஜி.பி. கொள்ளளவுக்கு 9,499 ரூபாய். மற்றொன்று சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜி. இது 2025 பிப்ரவரியில் வந்தது. 4 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. கொள்ளளவு கொண்டதன் வெளியீட்டு விலை 9,999 ரூபாய். வங்கிச் சலுகை 500 ரூபாய் போக 9,499 ரூபாய். 6 ஜி.பி. ரேம் உள்ளது 11,499 ரூபாய். செல்போன் விலை வெல்லத்தின் விலைபோல ஏறும், இறங்கும். ஆகவே இந்தத் தொகைகளை வெளியீட்டு விலையாக மட்டும் கொண்டு, நீங்கள் வாங்கும் அன்றைய விலையைக் கேட்டறிந்து, கீழே நாம் போடும் கணக்கை அதை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கப் போவது வேறு இரண்டு செல்போன்களாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்.

கடையில் அதற்கு என்ன வேலை?

சினிமா பார்க்கவும் விளையாடவும் வாங்குவோர் கேட்கும் கேள்விகள் வேறு, கடைக்காரர் கேட்க வேண்டியவை வேறு. நம் செல்போன் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் விற்பனையோடு எழுந்து இரவு பத்து மணிவரை விழித்திருக்க வேண்டும். யு.பி.ஐ. வரவு வந்த கணமே சத்தம் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் மளிகைச் சிட்டையைப் படிக்கத் தெளிவான திரை வேண்டும். மொத்த வியாபாரி அனுப்பும் விலைப்பட்டியலையும் பில் படங்களையும் வைத்திருக்க இடம் வேண்டும். இரண்டு சிம் வேண்டும். சந்தை இரைச்சலில் எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் கேட்க வேண்டும். மாவும் மிளகாய்த் தூளும் எண்ணெய்க் கையும் பழகிய இடத்தில் அது பிழைத்துக் கிடக்க வேண்டும்.

இவற்றில் பலவற்றை இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்துவிடும். ரெட்மியின் பேட்டரி 5,160 எம்.ஏ.எச்., சாம்சங்கின் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். கடை வேலைக்கு இரண்டும் ஒரு நாளைத் தாங்கும். 160 வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்புறக் கேமரா இரண்டிலும் 50 மெகாபிக்சல். பில்லைப் படமெடுக்கவும் கியூ.ஆர். அட்டையைப் படிக்கவும் இதுவே அதிகம். முன்புறக் கேமரா ரெட்மியில் 5, சாம்சங்கில் 8. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நம் முகத்தையே எத்தனை முறை படமெடுக்கப் போகிறோம்? திரை ரெட்மியில் 6.88 அங்குலம், சாம்சங்கில் 6.7 அங்குலம். ரெட்மி ஒரு சுற்றுப் பெரியது. எடையும் அதற்கேற்ப 200 கிராமுக்கு மேல். சாம்சங் 200 கிராமுக்குள் நிற்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூட்டை இறக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் பையில் போட்டுக் குனிந்து பாருங்கள்.

ரெட்மியின் திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். விரலால் தள்ளும்போது படம் வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு திரைகளும் எச்.டி. பிளஸ் என்ற ஒரே தரத்தைச் சேர்ந்தவை. சிட்டையில் உள்ள எழுத்து ஒன்றில் மற்றதைவிடக் கூர்மையாகத் தெரியப் போவதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, கடை வாசலில் பகல் வெயிலில் எழுத்து தெரிகிறதா என்பதுதான். செல்போன் கடையின் குளிர்ந்த அறையில் எல்லாத் திரையும் அழகாகவே இருக்கும். மாதிரிக்கு வைத்திருப்பதைக் கையில் வாங்கி வாசற்படிவரை வந்து பார்க்கக் கேளுங்கள். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் உரிமை இதற்கும் உண்டு.

64 ஜி.பி. எடுக்க வேண்டாம். ஆயிரம் ரூபாய் குறைவு என்று மனம் இழுக்கும். ஆனால் அந்த 64இல் ஒரு பகுதியைச் செல்போனின் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் ஐந்தாறு வாட்ஸ்அப் குழுக்களின் காலை வணக்கப் படங்கள் வந்து குவியும். வருடம் திரும்புவதற்குள் 'இடம் இல்லை' என்று மிரட்டத் தொடங்கும். இடம் இல்லாத செல்போன் மெதுவாகும், செயலிகளைப் புதுப்பிக்க மறுக்கும். கிடங்கை முதலிலேயே பெரிதாகக் கட்டுவதுதான் லாபம்.

இன்னொரு விஷயம். பெட்டியின்மேல் '8 ஜி.பி. ரேம் வரை' என்று அச்சிட்டிருக்கும். உற்றுப் பார்த்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். உண்மையில் உள்ளே இருப்பது 4 ஜி.பி.தான். மீதி நான்கு, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கிக் காட்டுவது. பக்கத்துக் கடைச் சரக்கைக் கொண்டுவந்து நம் அலமாரியில் அடுக்கி வைத்ததுபோல! அது உண்மையான ரேமின் வேகத்தில் வேலை செய்யாது. யு.பி.ஐ. செயலி, வாட்ஸ்அப், ஒரு பில் போடும் செயலி ஆகிய மூன்றையும் மாறி மாறித் திறப்பவர்களுக்கு 4 ஜி.பி. போதும், ஆனால் இழுபறியாகப் போதும். நாளெல்லாம் செல்போனிலேயே பில் போட்டு ப்ளூடூத் வழியாக அச்சடிப்பவர்கள் 6 ஜி.பி. உள்ளதையே எடுங்கள். அவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களில் சாம்சங்தான் வழி, விலையும் பத்தாயிரத்தைத் தாண்டும்.

5ஜி முத்திரையில் உள்ள சூட்சுமம்

இந்த ஒப்பீட்டின் கரு இங்கேதான் இருக்கிறது. சற்று நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு பெட்டிகளிலும் 5ஜி என்ற முத்திரை இருக்கிறது. ஆனால் 5ஜி என்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் அலைபரப்பும் அதன் பின்னே உள்ள மைய வலையமைப்பும் முழுவதுமாக 5ஜியாகவே இருக்கும். இதைத் தனித்தியங்கும் 5ஜி எனலாம், எஸ்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். மற்றொரு வகையில் ஏற்கெனவே உள்ள 4ஜி வலையமைப்பின் தோளில் ஏறிக்கொண்டு 5ஜி வேலை செய்யும். இதற்கு என்.எஸ்.ஏ. என்று பெயர். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ முதல் வகையில் இறங்கியது. ஏர்டெல் இரண்டாவது வகையில் தொடங்கியது.

ரெட்மி ஏ4 5ஜி முதல் வகையை மட்டுமே ஏற்கும். இரண்டாவது வகை 5ஜி அதில் வராது. அதாவது ஜியோ சிம் போட்டால் 5ஜி வரும், என்.எஸ்.ஏ. முறையில் மட்டும் 5ஜி உள்ள பகுதியில் ஏர்டெல் சிம் போட்டால் 4ஜிதான் வரும். இது ரகசியம் அல்ல, வெளியீட்டின்போதே வெளியான விவரம்தான். ஆனால் பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது 5ஜி. இந்த நிபந்தனை இருப்பது பொடி எழுத்தில். சாம்சங் எஃப்06 5ஜி பன்னிரண்டு 5ஜி அலைவரிசைகளை ஏற்கும் என்றும், எல்லா நிறுவனங்களின் 5ஜியிலும் வேலை செய்யும் என்றும் சாம்சங் நிறுவனம் அறிவித்திருக்கிறது.

ஒரு கடைக்காரர் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே ஏர்டெல் எண் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் அந்த எண், பில் புத்தகத்தில் அந்த எண், வங்கிக் கணக்கில் அந்த எண், ஜி.எஸ்.டி. பதிவிலும் அதே எண். அவர் 5ஜிக்காகவே ரெட்மி ஏ4ஐ வாங்கி வருகிறார். திரையின் மேல் மூலையில் 4ஜி என்றே நிற்கிறது. செல்போன் கடைக்குப் போனால் 'சிம்மில் கோளாறு' என்பார்கள். சிம் கடைக்குப் போனால் 'செட்டில் கோளாறு' என்பார்கள். இரண்டிலும் கோளாறு இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

'அப்படியானால் ஜியோவுக்கு எண்ணை மாற்றிக்கொண்டால் போயிற்று' என்று சிலர் சொல்லக்கூடும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி இருப்பது உண்மையே. ஆனால் பத்தாயிரம் ரூபாய்ச் செல்போனுக்காக, வங்கியோடு கட்டிப்போட்ட எண்ணை அசைப்பது, ஆணிக்காகச் சுவரை இடிப்பதுபோல் ஆகும். எண் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற செல்போனை வாங்குவதே வியாபாரிக்கு அழகு.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். யு.பி.ஐ. வரவுக்கு 5ஜி தேவையே இல்லை. ஒரு பணப் பரிமாற்றத்துக்குச் செலவாகும் டேட்டா ஒரு சிறு படத்தைவிடக் குறைவு. 4ஜி அதற்குத் தாராளம். உங்கள் ரீசார்ஜ் திட்டத்தில் 5ஜிக்கென்று தனிச் சலுகை இருந்தால் அதை இழப்பீர்கள். திருவிழாக் கூட்டத்தில் 4ஜி நெரிசலாகி நிற்கும்போது ஒதுங்கிப் போக வேறு பாதை இருக்காது. நஷ்டம் இவ்வளவுதான். ஆகவே ஏற்கெனவே ரெட்மி ஏ4 வாங்கிவிட்ட ஏர்டெல் வாடிக்கையாளர்கள் பதற வேண்டியதில்லை, கடை நடக்கும். இனி வாங்குவோர் மட்டும், கொடுக்கும் காசுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

வாங்குமுன் உங்கள் சொந்த சிம்மை மாதிரி செட்டில் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். சிம் தட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு சிம்மும் ஒரு மெமரி கார்டும் ஒரே நேரத்தில் உட்காருமா, அல்லது கார்டு போட்டால் இரண்டாவது சிம்முக்கு இடம் போய்விடுமா என்பது அந்தத் தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விற்பவரின் வாயைவிட அந்தத் தட்டு உண்மை பேசும்.

சார்ஜரும் வரியும்: அடக்க விலைக் கணக்கு

ரெட்மி ஏ4 பெட்டியில் 33 வாட் சார்ஜர் உண்டு. வேடிக்கை என்னவென்றால் செல்போன் ஏற்பது 18 வாட் மட்டுமே. சாம்சங் 25 வாட் வரை ஏற்கும், ஆனால் பெட்டியில் சார்ஜர் கிடையாது, ஒயர் மட்டும்தான். வீட்டில் நல்ல டைப்-சி சார்ஜர் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் பல நூறு ரூபாய் கூடுதல் செலவு. நடைபாதையில் நூறு ரூபாய்க்கு விற்பதை வாங்கிப் போட்டுச் செல்போனையும் கடையையும் சேர்த்துச் சோதனை செய்ய வேண்டாம். பி.ஐ.எஸ். பதிவு எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இனி வரிக்கு வருவோம். செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் முதல் 18 சதவீதம். 9,499 ரூபாய் விலையில் அடக்கம் 8,050 ரூபாய், வரி 1,449 ரூபாய். 9,999 ரூபாய் விலையில் வரி 1,525 ரூபாய்க்குச் சற்று மேல். சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. செலுத்தும் வணிகர், கடை உபயோகத்துக்கு வாங்கிய செல்போனுக்கான இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு பில்லில் கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்க வேண்டும். விற்றவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து, அது உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும்போது பெயரை மட்டும் சொல்லி பில் வாங்கிக்கொண்டு, மார்ச் மாதம் ஆடிட்டரிடம் நீட்டினால் அவர் கையை விரித்துவிடுவார். ஆன்லைனில் வாங்குவோர், ஆர்டர் போடும்போதே ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுங்கள்; பொருள் வந்த பிறகு கேட்டால் மாற்றித் தரமாட்டார்கள். எல்லா விற்பனையாளரும் அப்படி பில் தருவதில்லை என்பதால் அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரவைக் கழித்தால் ரெட்மியின் அடக்கம் 8,050 ரூபாய். சாம்சங்கின் அடக்கம் ஏறத்தாழ 8,474 ரூபாய். வங்கிச் சலுகை 500 ரூபாய் கிடைத்தால் 7,974 ரூபாய். அதன்மேல் சார்ஜர் செலவு. சார்ஜரைச் சேர்த்துப் பார்த்தால் ரெட்மியே சில நூறு ரூபாய் மலிவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் உள்ள சிறு கடைகளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. அவர்களுக்கு முழு விலையே அடக்கம்.

எத்தனை காலம் உழைக்கும்?

மலிவு யாருடையது என்று இத்தோடு முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய காலத்துத் தராசு முப்பது வருடம் உழைத்தது. முத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் போதும். செல்போனுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதுதான் பாதுகாப்புப் புதுப்பிப்பு. திருடர்கள் புதுப்புது வழி கண்டுபிடிக்க, நிறுவனம் அந்த வழிகளை அடைத்து அவ்வப்போது அனுப்பும் ஒட்டு அது. அது நின்ற பிறகும் செல்போன் ஓடும், ஆனால் கல்லாவின் பூட்டு துருப்பிடித்துக்கொண்டே போகும். ஆண்ட்ராய்டு பதிப்பு மிகவும் பழையதானால் செயலிகளும் கைவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 உள்ள செல்போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது நினைவிருக்கலாம்.

ரெட்மி ஏ4 ஆண்ட்ராய்டு 14 கொண்டு வந்தது. இரண்டு முறை பெரிய பதிப்பு உயர்வும், நான்கு ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக அறிவிப்பு. சாம்சங் எஃப்06 ஆண்ட்ராய்டு 15 கொண்டு வந்தது. நான்கு முறை பதிப்பு உயர்வும், நான்கு ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பும் என்று அறிவிப்பு. ஒன்று ஆண்ட்ராய்டு 16 வரை போகும். மற்றது 19 வரை போகும். இந்த விலையில் நான்கு உயர்வு தருவது பெரிய விஷயம் என்பது நம் கருத்து.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்த நான்கு ஆண்டு, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல; செல்போன் வெளிவந்த காலத்திலிருந்து. ரெட்மிக்கு அது 2028 இறுதியோடு முடியும், சாம்சங்குக்கு 2029 தொடக்கத்தோடு முடியும். தேக்கச் சரக்கைத் தள்ளுபடியில் விற்கும்போது வாங்குகிறவர்கள், பிஸ்கட் பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்ப்பதுபோல இதையும் பாருங்கள். ஒன்றரை வருடம் கடையிலேயே கிடந்த செல்போனுக்கு மீதி ஆயுள் இரண்டரை வருடம்தான். விலையை மீதி மாதங்களால் வகுத்துப் பாருங்கள். புதிதாய் வந்த அன்று 9,499 ரூபாயை 48 மாதங்களால் வகுத்தால் மாதம் 198 ரூபாய். 30 மாதமே மீதி என்றால் அதே மாதச் செலவுக்கு விலை 5,940 ரூபாயாக இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவு இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சத்தம் வராத வரவு

பணம் விழுந்தும் அறிவிப்பு வரவில்லை என்ற புகார் பல கடைகளில் கேட்கிறது. கடன் பாக்கியைவிட இது மனிதரைச் சங்கடப்படுத்தும். வாடிக்கையாளர் 'அனுப்பிவிட்டேன்' என்கிறார். நம் செல்போன் மௌனமாக இருக்கிறது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் வங்கியுடையது அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று செல்போன், பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்க வைத்துவிடுகிறது. ரெட்மியின் ஹைப்பர் ஓ.எஸ். இதில் கொஞ்சம் கடுமையானது. யு.பி.ஐ. செயலியின் அமைப்புக்குள் சென்று 'ஆட்டோஸ்டார்ட்' என்பதை இயக்கி, பேட்டரி என்ற இடத்தில் 'கட்டுப்பாடு இல்லை' என்று வைக்க வேண்டும். சாம்சங்கிலும் தூங்கும் செயலிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் நம் செயலி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரெட்மியில் அமைப்புக்குள்ளேயே விளம்பரங்கள் எட்டிப் பார்க்கும். அவற்றை அணைக்க முடியும், ஆனால் ஒவ்வொரு இடமாகத் தேடி அணைக்க வேண்டும். வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால் ஒரு மாலை உட்கார வைத்துவிடுங்கள்.

இதில் எந்தச் செல்போன் வாங்கினாலும், நெரிசலான கடைக்கு ஒலிபெருக்கிப் பெட்டி தனியாக இருப்பது நல்லது. அதற்குச் சொந்த சிம் உண்டு, செல்போன் அணைந்தாலும் அது பேசும். வாடிக்கையாளர் காட்டும் திரையைப் பார்த்துச் சரக்கைக் கொடுப்பது மட்டும் வேண்டாம்; போலித் திரை காட்டும் செயலிகள் நடமாடுகின்றன.

குரலைப் பொறுத்தவரை, சாம்சங்கில் வாய்ஸ் ஃபோகஸ் என்ற வசதி சுற்றுப்புற இரைச்சலைக் குறைத்து நம் குரலை அனுப்பும். மாவு மில்லுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கும் மண்டியில் நிற்பவர்களுக்கும் இதன் அருமை தெரியும். விரல் ரேகைப் பூட்டு இரண்டிலும் பக்கவாட்டில் இருக்கிறது. எண்ணெயும் மஞ்சள் தூளும் பட்ட விரலை எந்த நிறுவனத்துக் கருவியும் அடையாளம் காணாது. ஆகவே சரக்கு அள்ளாத கையின் விரலையும் சேர்த்துப் பதிந்து வையுங்கள்.

நம் முடிவு

ஜியோ எண் வைத்திருப்பவர், பெரிய திரை வேண்டும் என்பவர், வீட்டில் சார்ஜர் இல்லாதவர் ரெட்மி ஏ4 5ஜியின் 128 ஜி.பி. வகையை வாங்கலாம், காசுக்கு வஞ்சகம் இல்லை. ஏர்டெல் எண் உள்ளவரும், இரண்டு நிறுவனங்களின் சிம் போடுபவரும், ஒரே செல்போனை நான்கு வருடம் இழுக்க நினைப்பவரும் சாம்சங் எஃப்06 5ஜியை எடுக்கட்டும். கல்லாவுக்கு மட்டும் என்று நம்மிடம் கேட்டால் சாம்சங்கையே சொல்வோம். இரண்டில் எதற்குத் தங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பது இந்த முடிவையும் மாற்றக்கூடும். திரை உடைந்தால் மாற்ற என்ன விலை என்று வாங்குமுன் அங்கே போன் போட்டுக் கேளுங்கள். பழுது பார்க்க நாற்பது மைல் போக வேண்டிய செல்போன் மலிவு அல்ல.

வாங்கிய அன்று செய்ய வேண்டியவை

பெட்டியைக் கடையிலேயே பிரித்து *#06# அழுத்துங்கள். திரையில் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய செல்போன் வாங்குவோர், கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது எந்தச் செல்போன், முடக்கப்பட்டதா என்ற விவரம் வரும். அந்த எண்ணைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். செல்போன் தொலைந்தால் 2023இல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்க அந்த எண் வேண்டும். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

சனி, ஞாயிறு, அமாவாசைக்கு முதல் நாள் போன்ற வியாபார நாட்களில் செல்போன் மாற்ற வேண்டாம். புதிய செல்போனில் யு.பி.ஐ.யைப் பதிந்தால், பல வங்கிகள் முதல் 24 மணி நேரம் நாம் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைக்கின்றன. ஐயாயிரம் ரூபாய் என்பது வழக்கமான வரம்பு. மண்டிக்கு அன்று நாற்பதாயிரம் அனுப்ப வேண்டியிருந்தால் மாட்டிக்கொள்வோம். சிம்மையும் சேர்த்து மாற்றினால் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்படும், அதுவரை யு.பி.ஐ. பதிவே நடக்காது. ஆகவே சிம்மை ஒரு நாளும் செல்போனை இன்னொரு நாளும் மாற்றுங்கள். கடை வாசலில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையை மாற்ற வேண்டியதில்லை. அது வங்கிக் கணக்கோடு கட்டியது, செல்போனோடு அல்ல.

பழைய செல்போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்குமுன் வாட்ஸ்அப் சிட்டைகளைப் பத்திரப்படுத்தி, யு.பி.ஐ. செயலிகளில் இருந்து வெளியேறி, முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். எக்ஸ்சேஞ்சில் மிகக் குறைந்த தொகை சொன்னால் கொடுக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். புதியது சர்வீஸுக்குப் போகும் நாட்களில் கல்லாவில் நிற்க அது உதவும்.